மேனேஜர் நாற்காலிக்காக ஓடினேன்

நாற்காலியைத் தூக்கிப் போடப்போவதாக என் மனைவி சொன்ன அன்றுதான் நான் வீரன் ஆனேன்.

அது சாதாரண நாற்காலி இல்லை. மேனேஜர் நாற்காலி. உயரமான முதுகு, கை வைக்க மெத்தை, அடியில் சக்கரம். மூடிப்போன ஓர் ஆபீஸின் பூட்டைத் திறந்து கொடுத்ததற்குக் கூலியாக வந்தது. பூட்டுப் பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் வேண்டுமா? உருண்டு போவேன். ஜன்னல் பக்கம் வெயிலா? உருண்டு வருவேன். வீட்டில் மேனேஜர் நாற்காலி எனக்கு. மேனேஜர் வேலை அவளுக்கு.

“பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருக்கேன்” என்றாள்.

“எதுக்கு?”

“இதுக்குத்தான்.” துடைப்பத்தால் சக்கரத்தைத் தட்டினாள்.

“இது வீட்டை விட்டுப் போனா நானும் போயிடுவேன்.”

“எங்க போவீங்க? போறதுக்கு முதல்ல எந்திரிக்கணுமே.”

“அதுக்குத்தான் சக்கரம் இருக்கு.”

“வாசப்படி இறங்காதே அது.”

ஊரில் பாதிக் கதவுக்குப் பூட்டுச் செய்து கொடுத்தவன் நான். என் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“அது உன்னை என்ன பண்ணுச்சு?”

“என்னை ஒண்ணும் பண்ணல. நீங்க அதுல சாஞ்சு கண்ணை மூடிட்டா, தூங்குறீங்களா, இல்ல... எனக்குத் தெரிய மாட்டேங்குது. எத்தனை தடவை வந்து மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாக்குறேன் தெரியுமா?”

“அதான் குறட்டை விடுறேனே. அது போதாதா?”

“குறட்டை நிக்கும்போதுதான் வந்து பாக்குறேன்.”

இப்படிப் பேசினால் மனிதன் என்ன செய்வான்? கோபப்பட்டேன். எனக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

“நான் என்ன செத்தா போயிட்டேன்? இன்னிக்குச் சொன்னாலும் நீந்துவேன். சைக்கிள் மிதிப்பேன். ஓடுவேன்.”

“நல்லதாப் போச்சு” என்று ஒரு விளம்பரக் காகிதத்தை நீட்டினாள்.

நகராட்சி நீச்சல் குளத்துக்காரர்கள் நடத்தும் போட்டி. முதலில் நீச்சல், உடனே சைக்கிள், உடனே ஓட்டம். எல்லாம் குறைந்த தூரம்தான். வயது வரம்பு இல்லை. நடுவில் இடைவேளை உண்டா என்று பார்த்தேன். அதுவும் இல்லை.

“இதை முடிச்சிட்டு வாங்க. நாற்காலிப் பக்கமே வரமாட்டேன். முடிக்கலைன்னா பழைய சாமான்.”

நான் வாயைத் திறந்து வீரம் பேசுவதற்கு முன்பே அந்தக் காகிதம் எப்படி அவள் கையில் இருந்தது? அப்போதே யோசித்திருக்க வேண்டும். வீரர்கள் யோசிப்பதில்லை.

பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் சொன்னாள். ஜன்னலோரம் மெஷின் போட்டு நாள் முழுக்கத் தைப்பவள். தெருவில் பூனை குறுக்கே போனாலும் அவளுக்குக் கணக்கில் வரும்.

“அண்ணே, தினமும் கொஞ்சம் ஓடிப் பழகுங்கண்ணே.”

“நீச்சல் தெரியும். சைக்கிள் தெரியும். ஓடத் தெரியாதவன் எவன்? தெரிஞ்சதையே எதுக்கும்மா மறுபடி படிக்கணும்?”

“மூணையும் சேத்துல்ல செய்யணும்?”

“மூணு பூட்டு, மூணு சாவி. அவ்வளவுதான்.”

ஆனாலும் ஒரு நாள் குளத்துக்குப் போனேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினேன். திரும்பி நடந்து வந்தேன். இன்னொரு நாள் முனைக்கடைவரை சைக்கிள் மிதித்தேன். கடைக்காரர் டீ கொடுத்தார். ஓட்டத்தை மட்டும் தொடவில்லை. அதற்கு வேறு திட்டம் இருந்தது.

ஓட்டப் பாதை எங்கள் தெருவில்தான். குளத்தில் கிளம்பி, எங்கள் வீட்டைத் தாண்டி, தெருக்கோடியில் வைத்திருக்கும் சிவப்புக் கூம்பைச் சுற்றிக்கொண்டு, அதே வழியாகக் குளத்துக்குத் திரும்ப வேண்டும். எங்கள் தெரு நீளமானது. கூம்புப் பக்கம் ஆள் நிறுத்தவில்லை. விசாரித்துவிட்டேன். ஆகவே, போகும்போது நைசாக வீட்டுக்குள் நுழைவது. நாற்காலியில் சாய்வது. மற்றவர்கள் திரும்பி வரும்போது எழுந்து கலந்துகொள்வது. கூம்பு சாட்சி சொல்லாது.

நாற்காலிக்கான பந்தயத்தை நாற்காலியில் உட்கார்ந்தே ஜெயிப்பது! இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் பூட்டுச் செய்யப் போனதே தப்பு.

முந்தைய நாள் சாயங்காலம் நாற்காலியை வாசல் கதவுப் பக்கம் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர். ஒரு துண்டு.

“என்னங்க, நாற்காலி இங்க வந்துருச்சு?”

“காத்துக்கு.”

“காத்து ஜன்னல்லேருந்துல்ல வரும்?”

“இனிமே கதவுலேருந்து வரும்.”

துண்டைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சரி, சரி” என்றாள்.

“நாளைக்கு நீ எங்க இருப்பே?”

“முடிவுக் கோட்டுல. வேற எங்க?”

“அப்போ வீடு?”

“வெறுமனே சாத்திட்டு வரேன். பட்டப்பகல்ல யாரு வரப்போறா?”

எனக்கு நிம்மதி.

மறுநாள், “நீங்க முன்னாடி போங்க, நான் கதவைச் சாத்திட்டு வரேன்” என்றாள். போனேன். குளத்தில் தலைக்கு ரப்பர் தொப்பி கொடுத்தார்கள். முடி கலையாமல் இருக்கவாம். என் தலையைப் பார்த்த பிறகும் கொடுத்தார்கள். பின்னாலேயே வந்து சேர்ந்தவளிடம் மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளத்தில் பாதியை நீந்தினேன். மீதியைக் குடித்தேன்.

சைக்கிள், பட்டறைக்குப் பூட்டுப் பெட்டி சுமந்த சைக்கிள். மற்றவர்களுடையது ஈர்க்குச்சி. என்னுடையது உலக்கை. ஈர்க்குச்சிகள் பறந்துவிட்டன. உலக்கை உருண்டது. மணி அடித்துக்கொண்டே போனேன். விலகத்தான் ஆளில்லை.

இறங்கியபோது கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. யாரோ இரண்டு பேருடையவை. அந்த இரண்டு பேருக்கும் ஆகாது. மூன்றையும் சேர்த்துச் செய்யணும் என்று தையல்காரம்மா சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

எப்படியோ தெருவுக்குள் வந்துவிட்டேன். அதோ வீடு. உள்ளே நாற்காலி. கேட்டைத் தள்ளினேன். நின்றேன்.

கதவில் பூட்டுத் தொங்கியது.

கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது. என் பூட்டு. பட்டறையை மூடுமுன் கடைசியாகச் செய்தது. பித்தளை. ஏழு லீவர். வளையத்தை அழுத்தினால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். சாவி ஒன்றே ஒன்று. இன்னொன்று செய்யுங்கள் என்று அவள் கேட்காத நாளில்லை. இரண்டு சாவி இருந்தால் அது பூட்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். கம்பி விட்டுத் திறக்க எவனாலும் முடியாது. என்னாலும் முடியாது. அதுதான் அதன் பெருமை. கிட்டே போகவே இல்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணே!”

எதிர் ஜன்னல். மெஷின் சத்தம் நின்றிருந்தது.

“உக்காந்துட்டீங்களேண்ணே?”

“ஷூ லேஸ் கட்டுறேன்.”

“உங்க ஷூவுல லேஸே இல்லையேண்ணே.”

“எங்கம்மா போனா அவ?”

“அக்கா அப்பவே கிளம்பிட்டாங்க. நீங்க வந்தா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க.”

“என்னவாம்?”

“வீட்டுக்குள்ள போகணும்னா, முடிவுக் கோட்டுக்கு வந்து அவங்களைப் பாத்துட்டுப் போகணுமாம்.”

பல்லைக் கடித்தேன்.

“இன்னொண்ணும் சொன்னாங்கண்ணே. நீங்க கூம்பைச் சுத்துறீங்களான்னு பாத்துச் சொல்லணுமாம். இங்கேருந்து நல்லாவே தெரியுது.”

கூம்பு சாட்சி சொல்லாது. தையல் மெஷின் சொல்லும்.

எழுந்தேன். கூம்புவரை போனேன். ஓடினேன் என்று எழுதினால் தையல்காரம்மா மறுப்பாள். போனேன். சுற்றினேன். திரும்பி வரும்போது ஜன்னலிலிருந்து தைத்துக்கொண்டிருந்த பாவாடையைக் கொடி மாதிரி ஆட்டினாள்.

வழியெல்லாம் என் மனைவியைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டும்போது கால் வலி தெரியவில்லை. ஆனால் திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே. ஓர் இடத்தில் அது தீர்ந்துவிட்டது. நின்றுவிடலாம் என்று விளக்குக் கம்பத்தைப் பிடித்தேன். அப்போது பார்த்து ஒரு கை ஞாபகம் வந்தது. குறட்டை நின்றதும் அடுப்படியிலிருந்து ஈரத்தோடு ஓடிவரும் கை. 

கம்பத்தை விட்டேன்.

குளத்துக்கு வந்தபோது கூட்டமில்லை. பதாகையைக் கழற்றியாகிவிட்டது. முடிவுக் கோட்டு நாடாவை ஓர் ஆள் சுருட்டப் பார்த்தார். மறுமுனையை என் மனைவி விடாமல் பிடித்திருந்தாள்.

“எல்லாரும் வந்தாச்சும்மா.”

“எங்க வீட்டுக்காரரு வரலியே.”

“அவரு வருவாராம்மா?”

“வருவாரு. அவருக்குப் போக வேற இடமில்ல.”

நாடாவில் போய் விழுந்தேன். எஞ்சின் மாதிரி ஊதிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல என் மூக்குக்கிட்ட கையை வைத்தாள்.

“நல்லா வருது” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசியாம். சுற்றிலும் குளத்துத் தண்ணீர். தூசி எங்கிருந்து வரும்?

நான் கையை நீட்டினேன். “சாவி.”

“எந்தச் சாவி?”

“வீட்டுச் சாவி!”

“அது வீட்டுல. கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது.”

“உள்ளேயா? அடிப்பாவி! ஒத்தைச் சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டியா?”

“பூட்டினேன்னு யாரு சொன்னா? வெறுமனே சாத்திட்டு வரேன்னுதானே சொன்னேன். பூட்டைச் சும்மா மாட்டி வச்சேன். அழுத்தல.”

என் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். நான் அவளையே பார்த்தேன்.

“நான் இழுத்துப் பாத்திருந்தா?”

“உங்க பூட்டையா? நீங்களா?”

வீட்டுக்கு நடந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டி வலியாம், அவளுக்கு. எதிர்வீட்டில் தையல்காரம்மா வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். இரண்டு பேரையும் பார்க்காமல் படியேறினேன். ஏழு லீவர், பித்தளை, வெயிலில் மின்னியது. ஒரு விரலால் தொட்டேன்.

கையோடு வந்துவிட்டது.