வேதவல்லி அடித்த மணி

எனக்குப் பிடிவாதம் அதிகம். அது நல்ல குணம் என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் பி.எட். படித்தபோது, ‘எங்கள் பகுதியின் பழைய ஆலயங்கள்’ என்று ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஆண்டாள் கோபுரத்தை வரைந்தார்கள். நான் மட்டும் கிராமத்துப் பழைய தேவாலயங்களைத்தான் எழுதுவேன் என்று நின்றேன். (எனக்குக் கோபுரம் வரைய வராது என்பதும் ஒரு காரணம்.)

தோழி மெர்சி, தேவதானத்துக்கு அப்பால் இருந்த தன் ஊருக்கு அழைத்துப் போனாள். ராஜபாளையத்தில் பஸ் மாறி, இறங்கி, வரப்பில் நடந்தோம். ஓட்டுக்கூரையும் கருங்கல் படியுமாகச் சின்னக் கோயில். மெர்சியின் தாத்தாவுக்குத் தாத்தா கல் சுமந்து கட்டியதாம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கதவைத் திறந்துவிட்டு, என் பெயரைக் கேட்டதும் சிரித்தார். அந்தப் பக்கம் தேவாலயத்தை வேதக்கோயில் என்பார்கள்.

“வேதக்கோயிலுக்கு வேதவல்லியே வந்திருக்கா. எல்லாம் பாரு தாயி. மணிக்கயித்த மட்டும் தொட்றாத.”

அவர் வயலுக்குப் போனார். மெர்சி காப்பி கொண்டுவரப் போனாள்.

நோட்டில் ‘மணியின் ஓசை’ என்று தலைப்புப் போட்டு இடம் விட்டிருந்தேன். அதை நிரப்பாமல் திரும்புவதா? கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். ஓர் அடி விழுந்தது. ஓடிப்போய் ‘கணீர்’ என்று எழுதினேன். கணீரா, டாணா என்று சந்தேகம் வந்தது. மறுபடி ஓர் அடி, மறுபடி நோட்டு. இப்படியே நிதானமாக, இடைவெளி விட்டு ஆறு அடி அடித்தேன்.

சாவு மணியை அப்படித்தான் அடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

வெளியே ஓலம் கேட்டது. பத்து நாளாகப் படுக்கையில் கிடந்த மெர்சியின் பெரியப்பா வீட்டுக்கு ஊரே ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பெண்கள் மாரடித்து அழ, உள்ளேயிருந்து அவரே கம்பை ஊன்றி வந்து, “யாருலே போனது?” என்று கேட்டிருக்கிறார். நேரே கோயிலுக்கு நடந்துவிட்டார். பின்னால் மொத்த ஊரும்.

நான் கயிறும் கையுமாக நின்றேன்.

“யாருக்குத் தாயி அடிச்ச?” என்று கேட்டார் பெரியப்பா.

“ரெக்கார்டு நோட்டுக்குங்க ஐயா.”

கூட்டத்தில் ஒருவர், “ஏட்டி, உனக்கு வெளையாட இதுதானா கெடச்சிச்சு?” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா படியில் உட்கார்ந்து கையமர்த்தினார்.

“வையாதிய. எந்தம்பி எனக்காக அழுவான்னு இன்னைக்குத்தான தெரிஞ்சுச்சு.”

வரப்புத் தகராறில் ஐந்து வருஷமாக அவரோடு பேசாத தம்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். “செத்த நேரம் உக்காருலே,” என்றார் பெரியப்பா. எனக்கென்று மெர்சி கொண்டுவந்த காப்பியை இருவரும் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

பெரியப்பா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். அந்தக் குடும்பத்தில் யாராவது நாலு நாள் படுத்துவிட்டால் இன்றும் எனக்குத்தான் போன் வருகிறது. போன மாதம் மெர்சிக்கே காய்ச்சல். அவள் கணவர் அழைத்தார்.

“மாத்திரையெல்லாம் கேக்கல டீச்சர். நீங்க வந்து மணிக்கயித்த ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போங்க.”