நாய்க்கு எத்தனை மார்க்?

"தலைவரை நாய்னு சொல்லியிருக்கான். அதுக்கு அஞ்சு மார்க்கா?"

மேடம் ஃபைலை மேசையில் போட்ட போட்டில் டீ தம்ளர் குதித்தது. எதிரே நின்றவன் அதைப் பிடித்து நிறுத்தினான். எட்டு வருஷமாக வேலை நிரந்தரமாகாததால் ஆபீசில் அவனுக்குப் பெயரே 'தற்காலிகம்'தான். தலைவர்களைப் பற்றி மேடையில் யார் என்ன பேசினாலும், அதன் நாகரிகத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவன் வேலை. பாரபட்சம் கூடாதென்று, பேசியவர் பெயர் தனியாக, ஒட்டி மூடிய கவருக்குள் இருக்கும். நோட்டீஸ் கொடுக்கப் போகும் பியூன்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

இன்றைக்குள் மேடம் கையெழுத்துப் போட்டால் அவன் நிரந்தரம். போடாவிட்டால் நாளையிலிருந்து வீடு. அதுவும் மாமனார் வீடு. "என்ன மாப்ளே, ஆயிடுச்சா?" என்று தினமும் வாசலில் நின்று கேட்கிற மனுஷன் அவர்.

"முழுசாப் படிங்க மேடம். 'உங்க தலைவன் படிக்காதவன். நீங்க போட்ட சோத்தைத் தின்னுட்டு உங்க வாசல்லயே கெடக்குற நாய்'னு இருக்கு. ஏதோ பாசம் தெரியுதே..."

"பாசமா! நீ எந்தக் கட்சிய்யா?"

இரண்டாகக் குறைத்தான். மூன்றுக்குக் கீழே போனால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. யோசித்து யோசித்து, 'தலைவர் நாய் இல்லை' என்று எழுதி நீட்டினான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லைன்னு ஆபீஸ் ஃபைல்ல எழுதுற அளவுக்கு உனக்கு எப்பய்யா சந்தேகம் வந்துச்சு?"

"அடிச்சிடறேன் மேடம்!"

பதற்றத்தில் கடைசி வார்த்தையை மட்டும் அடித்தான். மிச்சத்தை மேடம் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

தற்காலிகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன பிழைப்பு இது! அடுத்தவன் வாயைக் கழுவியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. எல்லாம் எவனோ ஒருத்தன் மைக்கைப் பிடித்து உளறியதால் வந்த வினை. அந்த முகம் தெரியாதவன் மேல் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேனாவைத் திறந்து பூஜ்யம் போட்டான். ஒரு வருஷம் மேடை ஏறத் தடை. பகிரங்க மன்னிப்பு. அதோடு நிற்காமல், 'பேசியது மனிதப் பிறவியே அல்ல. பெற்றவள் வளர்த்த லட்சணம் இதிலேயே தெரிகிறது' என்றும் சேர்த்தான்.

மேடம் முகம் மலர்ந்தது. "அப்படிப் போடு! இதான்யா நாகரிகம்."

நோட்டீஸிலும் அவனுடைய நிரந்தர ஆணையிலும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார். நோட்டீஸும் கவரும் பியூனிடம் போயின. இவன் மாமனாருக்கு ஃபோன் போட்டு, கல்யாணமானதிலிருந்து முதல் முறையாகக் குரலை உயர்த்தி, "ஆயிடுச்சு மாமா!" என்றான்.

மாலையில் பியூன் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"குடுத்தாச்சா?" என்றார் மேடம்.

"தலைவர் கையிலயே குடுத்துட்டேன் மேடம். ரெண்டு தடவை படிச்சாரு. 'நான் என்னைப் பத்தித்தானேய்யா பேசினேன், எங்கம்மாவை எதுக்கு இழுக்குறான்?'னு கேக்குறாரு!"