பத்து வருஷத்துக்கும் சேர்த்து நாலு பக்கம்

கல்யாணமாகிப் பத்து வருஷம். ஒரே ஒரு தடவையாவது என் மனைவியைச் சத்தம் போட்டுத் திட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். பாதுகாப்பாக. கேமரா முன்னால்.

வாய்ப்பு மாடியிலிருந்து இறங்கி வந்தது. மாடி வீட்டுப் பல் டாக்டருக்கு சினிமாப் பைத்தியம். இருபது நிமிஷம் ஓடுகிற ஒரு மனோதத்துவத் திகில் படம் எடுக்கப் போகிறாராம். ஓர் ஓவியன் வரைய வரைய, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கட்டுப்பாட்டை இழக்கிறான். கடைசியில் மனைவியைப் பார்த்துக் கத்துகிறான். நான் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். பிரஷ் பிடிக்கத் தெரியும் என்று என்னையே கதாநாயகனாக்கினார்.

"மனைவி வேஷத்துக்கு யாரு டாக்டர்?"

"ஆள் தேடணும் சார்."

"எதுக்குத் தேடணும்? என் வீட்டிலேயே ஒருத்தி இருக்காளே! கத்துற வசனத்தையும் நானே எழுதித் தர்றேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம். என் சட்டையைத் தரை துடைக்கப் போட்டது, என் அக்கா வந்த அன்றைக்கு மட்டும் அவளுக்குத் தலைவலி வந்தது, எதையும் விடவில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க."

"நடிக்கவே வேண்டாம். பேசாம நின்னாப் போதும்."

"அது அதைவிடக் கஷ்டமாச்சே. சரி, வசனத்தைக் கொடுங்க, பார்க்கிறேன்."

கொடுத்தேன். நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சந்திப் பிழைதான் அங்கங்கே."

மறுநாள் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பல்லைப் பிடுங்கவில்லை. பிடுங்கப்பட்டது என் பல் என்பது படப்பிடிப்பு அன்றுதான் தெரிந்தது.

எங்கள் கூடம்தான் ஓவியனின் அறை. பெயின்ட் டப்பாக்கள், விளக்குகள். எதிரே மனைவி. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஆரம்பிக்கலாமா டாக்டர்?"

"ஒரு சின்ன மாற்றம் சார். கட்டுப்பாடு போனவன் கத்தினா அது வெறும் கோபம். வாயே திறக்க முடியாம நின்னாத்தானே திகில்?"

ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர்!

"அப்போ என் வசனம்?"

"வீணாக்குவேனா? அதை மேடம் பேசுறாங்க."

"இது யார் யோசனை?"

டாக்டர் லென்ஸைத் துடைத்தார். மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

பேசினாள். நான் கமா போட்ட இடத்தில் மூச்சு வாங்கி, ஆச்சரியக்குறி போட்ட இடத்தில் விரலை நீட்டி, அப்படியே பேசினாள். அக்கா இருந்த இடத்தில் மட்டும் அவள் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான்: "என் தம்பி வந்தா மட்டும் உங்களுக்கு எங்கேருந்துங்க அவசர வேலை வருது?" நாலு பக்கம் முடிந்தது. யாரும் எழுதாத ஐந்தாவது பக்கம் தொடங்கியது. என் கையில் பிரஷ் தானாக ஆடியது. சிவப்பு பெயின்ட் என் கால்மேல் சொட்டியது.

"பிரமாதம் சார்! இந்த நடுக்கத்தை எப்படி வரவழைக்கிறீங்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

டாக்டரின் கிளினிக்கிலேயே படத்தைத் திரையிட்டார்கள். பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆண்கள் எழுந்திருக்கவே இல்லை.

படம் முழுக்க எனக்கு ஒரே வசனம்தான், முடிவில் டாக்டர் சேர்த்தது. "சரிம்மா." ஒத்திகையே தேவைப்படவில்லை, முதல் டேக்கிலேயே ஓகே.