குமிழி ஏற்றிய அன்று மாமா சொன்னது

மொழிபெயர்க்கிறவன் பேச்சின் பாதியில் நிற்கக் கூடாது. அவன் புது மாப்பிள்ளையாக இருந்தால், மூச்சு வாங்கக்கூட நிற்கக் கூடாது.

என் மாமனார் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர். எத்தனை மாத்திரை விழுங்கியும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று டொப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ரத்தம் போகாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். ஊசி மருந்து ஏற்றி மறுபடி பார்க்கலாம் என்று டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். மாமாவுக்குக் கடைவீதிச் சிங்களம் நன்றாக வரும். டொக்டரின் வேகத்துக்கு அது போதாது என்று மொழிபெயர்க்க நான் முன்வந்தேன் (சும்மா இருந்திருக்கலாம்).

“மாமா, நல்லா தெரியணும்னு ரத்தத்துல காத்துக் குமிழி ஏத்தப் போறாங்களாம்.”

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசியைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுவதைக் காலமெல்லாம் பார்த்தவர் மாமா. காற்று உள்ளே போனால் ஆள் போய்விடும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இங்கேயோ நர்ஸ் குப்பியைக் குலுக்கிக் குலுக்கிக் குமிழியை உண்டாக்கிக்கொண்டிருந்தார். மருந்து ரப்பர் பால் மாதிரி வெளுத்தது.

குமிழிகள் ரத்த அணுவைவிடச் சின்னவை, ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், பிறகு மூச்சோடு வெளியேறிவிடும் என்பதை நான் சொல்வதற்குள் மாமா சிலுவை போட்டு, கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினார். செபத்தில் குறுக்கிடுவது எங்களில் மரியாதை இல்லை. நானும் தலை குனிந்து நின்றேன் (ஆமென் வேறு சொன்னேன்).

மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார்.

“மாப்பிள்ள, போற நேரத்துல பொய் வேணாங்க. ஒங்களுக்குப் பொண்ணு குடுக்க எனக்கு இஷ்டமே இல்லீங்க. ஸ்டெல்லாதான் பிடிவாதமா நின்னா. வாய் மட்டும்தான் ஆளுன்னு நெனச்சேன். இப்ப பரவாயில்லன்னு படுது. அவள அழ வுடாதீங்க.”

கடிகாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்தது அவமானமா பாசமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அதற்குள் மருந்து ஏறிவிட்டது. திரையில் இருண்டு கிடந்த இடத்தில் நிறம் கிளை விட்டு ஓடியது. ரத்தம் நன்றாகப் போகிறது என்றார் டொக்டர்.

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். மூச்சு விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தை நீட்டினேன்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். “ஸ்டெல்லாகிட்ட சொல்லிராதீங்க” என்றார் இறங்கும்போது. அந்தியில் அவரே லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது மனதில் உள்ளதைப் போட்டு உடைத்தால், “என்ன, குமிழி ஏத்திட்டாங்களா?” என்பார்கள்.

ஸ்கேனுக்கு இப்போதும் நான்தான் அழைத்துப் போகிறேன். போகிற வழியில் ஒவ்வொரு முறையும் கேட்பேன்:

“இன்னும் பரவாயில்லீங்களா மாமா?”

“அந்த ஊசிய போடட்டும், சொல்றேன்.”