காப்புக் கட்டிய கையும் கறுத்துப் போன திரையும்

ஒரு முடிவெடுத்தேன். நாற்பத்தேழு வயதில் நானாக எடுத்த முதல் முடிவு அது. இந்த வருசம் மாரியம்மன் நோம்பிக்கு நான் குண்டம் இறங்கப் போவதில்லை.

குண்டம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு முன்னால் இருபத்தோரு அடிக்குக் குழி வெட்டி, ஒரு லோடு வேப்பங்கட்டையை எரித்து, கங்குகளைத் தட்டிப் பரப்பி வைப்பார்கள். அதன் மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டும். நான் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கப் போவதற்கே செருப்புத் தேடுகிற ஆள்.

வேண்டுதல் என்னுடையதாக இருந்தாலாவது பரவாயில்லை. போன ஐப்பசியில் டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மனைவி மஞ்சுளா, "எம்பட ஊட்டுக்காரரு எந்திரிச்சு உக்காந்தாப் போதும் தாயே, குண்டம் எறங்குவாரு" என்று அம்மனிடம் சொல்லிவிட்டாள். வேண்டிக்கொண்டது அவள், வேகப் போவது நான். என் பெயர் தமிழரசு. அரசு பெயரில் மட்டும்தான், ஆட்சி முழுக்க அவளுடையது. மல்லசமுத்திரத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

நேரே முடியாது என்று சொல்கிற தைரியம் எனக்கில்லை. ஆனால் என்னிடம் லேப்டாப் இருக்கிறது. கோழித் தீவனக் கம்பெனியில் எந்தப் பண்ணைக்கு எந்த லாரி போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை எனக்கு. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பேன். பிடிக்காத விசேசம் எது வந்தாலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினால் போதும். போன வருசம் மச்சினி வீட்டுக் காதுகுத்துக்கு அப்படித்தான் தப்பித்தேன்.

இந்த முறை கொஞ்சம் பெரிதாகச் செய்தேன். 'நோம்பி அன்று லீவு கிடையாது, லேப்டாப்பை விட்டு நகரக் கூடாது' என்று மேனேஜர் பெயரில் நானே ஒரு மெயில் எழுதி எனக்கே அனுப்பிக்கொண்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே மேனேஜர் மேல் கோபம் வந்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அன்று சாயங்காலம் நோம்பி தொடங்குவதற்கு அடையாளமாகக் கோயிலில் கம்பம் நட்டார்கள். குண்டம் இறங்குகிறவர்கள் அன்றே கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சுளா பூசாரியிடம் காப்பை வாங்கி வந்துவிட்டாள். லீவு சந்தேகம்தான் என்று மெல்ல ஆரம்பித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. முதலில் கட்டிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் அம்மனிடம் சொல்லிவிட்டு அவிழ்த்துக்கொள்ளலாம் என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் இறங்கி வந்ததும் நான் உசாராகியிருக்க வேண்டும். சந்தோசத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். மஞ்சள் துணியில் வேப்பிலையும் மஞ்சள் கிழங்கும் முடிந்த காப்பு. கொஞ்சம் கனமாக இருந்தது. நல்ல முற்றின கிழங்கு போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மெயிலைக் காட்டலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். மஞ்சுளா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் லேப்டாப்பில் இரண்டு கையையும் வைத்தேன்.

திரை அணைந்துவிட்டது.

பதறிப்போய்க் கையை எடுத்துத் தலையில் வைத்தேன். திரை வந்தது. கையை வைத்தேன், போனது. எடுத்தேன், வந்தது.

"என்னுங்க அது, கண்ணச் சிமுட்டுது?" என்று ஊசிகளுக்கு நடுவில் கேட்டாள் மஞ்சுளா.

சார்ஜர் கோளாறு என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். சார்ஜரைப் பிடுங்கி வேறு பிளக்கில் மாட்டினேன். நிறுத்தி, மறுபடி போட்டேன். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். ஃபேனுக்கு நேராகப் பிடித்து ஆற வைத்தேன். யாரும் பார்க்காதபோது கொஞ்சம் திருநீறும் பூசினேன். ஒன்றும் வேலைக்காகவில்லை. நான் கை வைத்தால் இருட்டு. மஞ்சுளா வந்து உட்கார்ந்து டொக் டொக்கென்று தட்டினால் பளிச்சென்று எரிகிறது.

"எனக்கு நல்லாத்தானுங்க வருது. நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க?"

அவள் சும்மாதான் கேட்டாள் என்று அப்போது நினைத்தேன்.

திருச்செங்கோட்டில் நவீன்குமார் என்பவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடவே பயமாக இருந்ததால் பாஸ்வேர்டைக்கூடத் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுத்தேன். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். ஒரு தடவைகூட அணையவில்லை. என்ன வேலை செய்யும்போது அணைகிறது என்று கேட்டான். பொய் மெயிலைத் திறக்கும்போது என்று எப்படிச் சொல்வது? பொதுவாகத்தான் என்று மென்று விழுங்கினேன். வாட்ச் கட்டுவீங்களாண்ணா என்று அடுத்து கேட்டான். லேப்டாப்புக்கும் மணி பார்ப்பதற்கும் என்னடா சம்பந்தம் என்று எரிச்சலோடு கையை நீட்டிக் காட்டினேன். வாட்ச் இல்லை, காப்புத்தான் இருந்தது. அவன் சட்டென்று எழுந்து நின்று, குண்டம் எறங்கறீங்களா என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கூலியும் வாங்கவில்லை. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

நோம்பி நெருங்கியது. நான் சரியாகச் சாப்பிடவில்லை. நெருப்புக்குப் பயம் ஒரு பக்கம், அம்மனுக்குப் பயம் ஒரு பக்கம். எந்தப் பக்கம் போனாலும் சுடும் போலிருந்தது. ஆபீஸ் வேலையை ஃபோனிலேயே பார்த்துக்கொண்டு, லேப்டாப்பைத் துண்டு போட்டு மூடி வைத்தேன். மஞ்சுளா எதுவும் கேட்காமல், தரையில் சிந்திய குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அதற்கு ஒரு குட்டிக் காந்தம் வைத்திருப்பாள். அதைக் காணோம் என்றாள். இருக்கிற பயத்தில் நான் காந்தத்தைத் தேடுகிற நிலையிலா இருந்தேன்?

நோம்பிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே சாவகாசமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பொட்டிக்குள்ள சாமிக்கு ஆகாதது ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அவள், அப்போ சரி என்று ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கை கழுவின ஈரத்தோடு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். வலது கை நெஞ்சை விட்டு இறங்க மறுத்தது. தாயே, தெரியாமச் செஞ்சுட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இடது கை ஒற்றை விரலால் அந்த மெயிலைத் தேடி அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். திரை எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு சிமிட்டல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. லேப்டாப்பை மூடித் தொட்டுக் கும்பிட்டு, மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். கேட்டு முடிப்பதற்குள் லீவு கொடுத்துவிட்டார். நல்ல மனுசன், அவரைப் போய் அப்படி எழுதினேனே.

நோம்பி அன்று விடியக் காலையில் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றேன். அனல் முகத்தில் அடித்தது. முன்னால் நின்றவர் போனார், அடுத்தது நான். பூசாரி சின்னுசாமி என் முதுகில் தட்டினார். கண்ணை மூடினேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் திறந்தேன். ஆறு தப்படி வைத்தேன் என்று மஞ்சுளா சொன்னாள். நான் மூன்றுதான் எண்ணினேன். கால் பிழைத்துவிட்டது.

பிழைத்த சந்தோசத்தில் மனுசனுக்கு வாய் சும்மா இருக்காது. பூசாரியிடம் லேப்டாப் கதையைச் சொன்னேன். அவர் கையில் இருந்த மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். ஊர் மொத்தமும் கேட்க, அம்மன் என் லேப்டாப்பில் வந்து இறங்கிய அற்புதத்தைக் கண்ணீரோடு விவரித்தேன். மெயில் என்று சொல்லாமல், மனசில் இருந்த ஒரு கள்ளம் என்று மட்டும் சொன்னேன். உயிர் இருக்கிற வரைக்கும் வருசா வருசம் குண்டம் இறங்குவேன் என்றும் சொல்லிவிட்டேன். பெண்கள் குலவை போட்டார்கள். நவீன்குமார்கூட கூட்டத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். காப்பை அவிழ்க்க மஞ்சுளா கத்தரியை எடுக்கப் போனாள். நான் அசதியில் அவள் தையல் மேசை மேல் வலது கையைப் போட்டேன். மேசையில் கிடந்த குண்டூசிகள் ஓடி வந்து காப்பில் ஒட்டிக்கொண்டன. மணிக்கட்டு முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது.

மஞ்சுளா நிதானமாகக் காப்பை வெட்டி, துணியைப் பிரித்தாள். வேப்பிலை, மஞ்சள் கிழங்கு, அதற்கு அடியில் அவளுடைய குட்டிக் காந்தம்.

போன தை மாசம் கைமறதியாக அந்தக் காந்தத்தை லேப்டாப் ஓரத்தில் வைத்தாளாம், திரை அணைந்ததாம். எடுத்தாளாம், வந்துவிட்டதாம். எதற்காவது ஆகும் என்று மனசில் வைத்திருந்தாளாம்.

எனக்கு வந்த கோபத்தில் குண்டத்தைவிட மனசு எரிந்தது. "சாமி காரியத்துல இப்படியா புள்ள ஏமாத்துவே?"

"அந்த மெயில என்ன, சாமியா அனுப்புச்சுது?"

காப்புக் கட்டுவதற்கு முன்னாலேயே, நான் லேப்டாப்பைத் திறந்துபோட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் படித்துவிட்டாளாம். மேனேஜர் எழுதினதாக இருந்தால் அத்தனை எழுத்துப் பிழை இருக்காதாம்.

வாசலில் அதற்குள் நாலு பேர், அம்மன் வந்த லேப்டாப்பை ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போகிறோம் என்று தேங்காய் பழத்தோடு நின்றார்கள். மஞ்சுளா வாங்க வாங்க என்று அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே, காந்தத்தை ஊசி டப்பாவில் போட்டு மூடினாள்.

"அடுத்த வருசத்துக்கு இது வேண்டியதில்லீங்க. அதுதான் நீங்களே மைக்குல சொல்லிப்போட்டீங்களே."