எதிர் வீட்டு மாடிப்படி

எதிர் வீட்டு வாசலில் இன்னொரு வண்டி செங்கல் வந்து இறங்கியது. அன்றைக்குச் சவரிராயனுக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

அவனும் எதிர் வீட்டுத் தேவதாஸும் ஒரே மில்லில், ஒரே ஷிப்டில் தறி ஓட்டுகிறவர்கள். புதுச்சேரிக் கதிர்காமத்தில் எதிரும் புதிருமாக ஒரே மாதிரி ஓட்டு வீடு. போன வருஷம் தேவதாஸ் மில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டுக் கடன் வாங்கினான். ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டது போக, கையில் மிச்சமும் வைத்துக்கொண்டான். அதோடு நின்றிருந்தால் சவரிராயன் எப்படியோ மனதைத் தேற்றியிருப்பான். இப்போது தளத்துக்கு மேல் மாடி எழும்புகிறது.

“நீங்களுந்தான் சங்கத்துல கேக்கறது?” என்றாள் மனைவி புஷ்பமேரி. அவளுக்கும் வயிற்றெரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வருவதற்குள், தேவதாஸின் மனைவி ரோசா தன் மொசைக் தரையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறாள்.

கேட்கலாம். ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டை அடமானம் பிடித்துக் கடன் கொடுக்கும் முன், மனுப் போட்டவன் பெயரை மில் வாசல் கரும்பலகையில் ஒரு மாதம் எழுதி வைப்பார்கள். அவன் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் அவர்கள் வந்து சொல்லலாம். ஒருவர் வந்து சொன்னாலும் மனு தள்ளுபடி. சவரிராயன் பெயரை எழுதினால் மில் வாசலில் தேர்த் திருவிழாக் கூட்டம் கூடிவிடும்.

அதனால் பலகைக்குப் போகுமுன் பழைய கடன்களை அடைத்துவிடுவது என்று தீர்மானித்தான். அதற்குப் பணம் வேண்டுமே? மில் வாசலில் மோர் விற்கும் கொளஞ்சி, வட்டிக்கும் கொடுப்பாள்.

“என் பணம் இல்லண்ணே. ஒருத்தரு குடுக்கறாரு, நான் வாங்கிக் குடுக்கறேன். வட்டி மட்டும் சம்பளத்தன்னிக்கே வந்துடணும்” என்றாள்.

யாருடைய பணம் என்று விசாரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. வட்டி தவறாமல் போனால் அவள் சங்கத்துப் பக்கம் போகமாட்டாள் என்று நம்பினான்.

முதலில் மளிகைக் கடை முருகையன். கடையில் கூட்டம் அதிகமான நேரமாகப் பார்த்துப் போய், எல்லார் காதிலும் விழும்படி ‘கணக்குத் தீர்ந்தது’ என்று சொல்லிப் பணத்தை வைத்தான். தேவதாஸ் காதுக்கும் போகட்டும் என்றுதான். தெருவுக்கே போய்விட்டது. அன்று சாயங்காலமே பாவாடை என்கிற டெய்லர் வந்து, சவரிராயனின் கல்யாணக் கோட்டுக்குத் தையல் கூலி கேட்டார். அந்தக் கோட்டில் இப்போது பூனை குட்டி போட்டிருந்தது. மறுநாள், மகளின் ஞானஸ்நானத்துக்குப் பந்தல் போட்டவர் வந்தார். அதற்கடுத்து முன்பின் தெரியாத ஒருவர், செத்துப்போன அப்பாவுக்கு ஓர் ஆடு விற்றதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆதாரம் கேட்கப்போய் அவர் மில் வாசலுக்குப் போய் நின்றால் என்ன செய்வது? அவருக்கும் கொடுத்தனுப்பினான். ஒவ்வொரு தடவையும் கொளஞ்சியிடம்தான் ஓட வேண்டியிருந்தது. கடைசித் தடவை புஷ்பமேரியின் சங்கிலியும் கூடவே போயிற்று.

சம்பளத்துக்கு மறுநாள் விடிந்தால் எதிர் வீட்டில் செங்கலோ சிமெண்டோ வந்து இறங்கும். அவனுக்கும் இதே சம்பளம்தானே, அவன் கையில் மட்டும் எப்படித் தங்குகிறது என்று சவரிராயன் பொருமினான். இவன் சம்பளம் கொளஞ்சியின் மோர்ப் பானையைத் தாண்டி வீடு வந்து சேருவதே பெரும்பாடாக இருந்தது.

பொறுக்க முடியாமல், மாடித் தளம் போடுகிற அன்று மழை கொட்ட வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினான். மாதா ஒரு நாள் தாமதமாகக் கேட்டுக்கொண்டாள். தளம் போட்ட மறுநாள் பெய்த மழையில் தேவதாஸுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி மிச்சமானது. சவரிராயன் வீட்டில் ஓடு ஒழுகி அரிசி நனைந்தது.

போதாததற்குத் தேவதாஸ் வழியில் பார்க்கும்போதெல்லாம் அக்கறையாக விசாரிப்பான்.

“இன்னா சவரி, பழய பாக்கியெல்லாம் தீந்துச்சா?”

குத்திக் காட்டுகிறான் என்று சவரிராயனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாகப் பலகையில் பெயர் ஏறியது. ஒரு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மில்லுக்குப் போய் வந்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி நாள் காலையில், சங்கத்துக்குப் போகத் துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கொளஞ்சி மோர்ப் பானையோடு வாசலில் வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னிக்குச் சங்கத்துல ஒங்க பாக்கியச் சொல்லிடச் சொல்லி பணக்காரரு உத்தரவு. சங்கம் அது கடனுக்கு ஒங்க சம்பளத்துல புடிக்க ஆரம்பிச்சா நம்ம வட்டி நின்னு போயிடுமேன்னு பயப்படறாரு.”

சவரிராயன் பாதிப் பொத்தானோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை மாதம் பட்ட பாடு, புஷ்பமேரியின் சங்கிலி, வராத மாடி எல்லாம் கண் முன் வந்து நின்றன.

“அவரு யாருன்னு மட்டும் சொல்லு கொளஞ்சி. நான் போய் அவரு கால்ல உழுந்துடறேன்” என்றான்.

கொளஞ்சிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பானையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

“அப்டின்னா எதிர் வூட்டு மாடிக்குப் போங்க. பாத்து ஏறுங்கண்ணே, அந்தப் படி பூரா ஒங்க வட்டியில கட்டுனதுதான்.”