அலசல் அண்ணாச்சியும் பின்னால் நின்றவரும்

அலசல் அண்ணாச்சி அளவுக்கு சினிமா பார்த்தவர்கள் உலகத்தில் இருக்கலாம். பக்கத்தில் இருப்பவனை அவர் அளவுக்கு சினிமா பார்க்கவிடாமல் செய்தவர் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. நாலு வருஷம் அவருடைய பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்தக் களைப்பு எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

எண்பதுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்கு இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அது சம்பளக் கவரில் மட்டும் புழங்கியது. லைன் வீட்டில் ஒரே அறையில் அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் குடியிருந்தோம். ஒரு ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் வைத்துத் தேறுமா தேறாதா என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும். படத்தில் வருகிற ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல ஒரு வாரம் வேண்டும்.

முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். கை கழுவிக்கொண்டு ஓடினால் மேட்னி கிடைக்கும். ஓசூர் தியேட்டர்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எது ஓடினாலும் அண்ணாச்சி விடமாட்டார். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றவனுக்கு இரண்டு பாட்டும் ஒரு சண்டையும் போதும், மிச்ச நேரம் தூங்கிக்கொள்வான். அண்ணாச்சி பக்கத்தில் அது நடக்காது.

ஒரு படத்தில் கதாநாயகனின் தாய் செத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறான், தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. என் விலாவில் ஒரு இடி விழுந்தது.

"ஏல, பின்னால நிக்க வேலைக்காரனைப் பாரு."

"எவன் அண்ணாச்சி?"

"மருந்துத் தட்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்காம்லா, அவன்தான்."

"அவனுக்கு வசனமே இல்லையே!"

"அதாம்ல விஷயம். வசனம் இருக்கவன் அவனுக்கு வேண்டியதைச் சொல்லுவான். சும்மா நிக்கவன்தான் நடந்ததைப் பாத்துக்கிட்டு நிக்கான். படம் அவன்கிட்டதான் இருக்கு."

முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "யோவ், வெளியில போயி பேசுய்யா. நிம்மதியா அழவுடு" என்றார். அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, அந்த வேலைக்காரனைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன என்றும் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் மீதி நடக்கும். அந்த வேலைக்காரனுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவள் வியாதியை மறைத்துக்கொண்டுதான் அவன் இந்த வீட்டு வியாதிக்காரிக்கு மருந்து எடுத்து வருகிறான் என்று ஒரு வாரம் தினமும் நிறுவினார். அடுத்த வாரம் வேறு படம், வேறு தட்டுக்காரன். நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு 'ம்' கொட்டினோம்.

வீட்டிலாவது தப்பிக்கலாம் என்றால், அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா டிவி வாங்கித் தொலைத்தார். கன்னடக்காரர். எங்கள் ஆன்டெனாக்கள் எல்லாம் பெங்களூரைப் பார்த்தே நின்றதால் வருவதும் கன்னட நாடகம்தான். அண்ணாச்சிக்குக் கன்னடத்தில் 'சாப்பாடு ஆயிற்றா' என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அதற்காக அவர் அலசாமல் இருந்ததில்லை.

"இந்தத் தம்பிக்காரனுக்கு அண்ணன் மேல பொறாமைம்மா. அதான் நாடகத்தோட கரு."

"அய்யோ தேவரே! அவரு தம்பி இல்லப்பா, மாமனாரு" என்று வீட்டுக்காரம்மா தன் பாஷையில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"முறை எதுவா இருந்தா என்னம்மா? பொறாமை பொறாமைதான?"

வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமா, அந்தாளு கண்ணு சரியில்லதான்" என்றார். எங்கள் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கம்பெனியிலிருந்து சார்ஜ் ஷீட் வந்தது.

தேய்ந்த டூலை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல, எங்கள் சூப்பர்வைசர் "ஓட்டுய்யா, பார்த்துக்கலாம்" என்றார். ஓட்டினேன். அத்தனை பீஸும் அளவு தவறிப்போயின. மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் பழியைத் தூக்கி என் மேல் போட்டார். எனக்கு ஆத்திரம். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவர் மேஜையில் அடித்துக் கத்தினேன். 'இரண்டு கைகளையும் ஓங்கிக்கொண்டு என்னை அடிக்க வந்தார்' என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நிரூபணமானால் வேலை நீக்கம்.

எனக்கு அடுத்த மாதம் காவேரிப்பட்டினத்தில் கல்யாணம். பெண் வீட்டார் என் முகத்தைப் பார்த்துப் பெண் கொடுக்கவில்லை, கம்பெனி வேலையைப் பார்த்துக் கொடுத்தார்கள். வேலை போனால் பெண்ணும் இல்லை.

விசாரணையில் கூட வேலை பார்க்கும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து மெஷின்காரர்கள் மூன்று பேரும், "நாங்க குனிஞ்சிக்கினு இருந்தோம்பா, ஒண்ணும் பார்க்கல" என்று கழன்றுகொண்டார்கள். முன்வந்தவர் ஒரே ஒருவர்.

"நான் வாரேம்ல. பயப்படாத" என்றார் அண்ணாச்சி.

அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே பயந்தேன்.

விசாரணை அதிகாரி வெளியூர் வக்கீல். பார்க்கவே என்னைவிடக் களைத்த மனிதர். அண்ணாச்சி எழுந்ததும், "ஐயா, இந்தக் கதாபாத்திரத்தை முதல்ல புரிஞ்சிக்கணும்" என்று சூப்பர்வைசரைக் காட்டினார்.

"எந்தக் கதாபாத்திரம்?" என்றார் அதிகாரி.

அண்ணாச்சி பதில் சொல்லாமல் சூப்பர்வைசரிடம், "நீங்க வீட்டுல மூத்த பிள்ளையா?" என்று கேட்டார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். முக்கால் மணி நேரம் அந்த மூத்த பிள்ளையின் மனநிலை அலசப்பட்டது. நான் மனதுக்குள் காவேரிப்பட்டினத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தேன்.

பிறகு அண்ணாச்சி மேஜையிலிருந்த மைக்கூட்டை நகர்த்தினார். "இது எங்க தம்பி." பேப்பர் வெயிட்டை எதிரே வைத்தார். "இது நீங்க. பின்னால யாரு நின்னா?"

"யாரும் நிக்கல" என்றார் சூப்பர்வைசர்.

"காலைல பத்து மணி. அது டீ வார நேரம்லா? வண்டி தானாவா உருண்டு வந்துச்சு?"

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

கேன்டீனிலிருந்து டீ வண்டி தள்ளுகிற காதர் பாயைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும், கிருஷ்ணகிரிக்காரர். தோளில் துண்டோடு வந்து கதவோரமாகவே நின்றார்.

"கையெல்லாம் ஓங்கலீங்க. ஒரு கையில தொப்பி. இன்னொரு கையில நான் குடுத்த டீ கிளாஸு. தொப்பிய மேஜையில அடிச்சாரு, அது நெசம். டீ ஒரு சொட்டு சிந்தலீங்க."

"அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்கிறீர்கள்?"

"சிந்தியிருந்தா நான்தானுங்களே தொடைக்கணும்?"

அதிகாரி சிரித்துவிட்டார். சூப்பர்வைசர் தண்ணீர் கேட்டார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலீங்களே" என்றார் காதர் பாய்.

தொப்பியை அடித்ததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு என்னை விட்டுவிட்டார்கள். வேலை தப்பியது, கல்யாணமும் நின்றுவிடாமல் நடந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தினம் இரண்டு வேளை அந்த மனிதர் கையால் நாலு வருஷம் டீ குடித்திருக்கிறேன். 'சர்க்கரை கம்மி' என்பதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பிழைப்பே அந்தரத்தில் தொங்கியபோதும், கிளாஸைக் கையில் கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனைக்கும் நான் நாலு வருஷம் அலசல் அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

அண்ணாச்சியிடம் நன்றி சொல்லப் போனேன். "அது கெடக்கட்டும்ல. அந்தச் சூப்பர்வைசர் மூத்த பிள்ளைதான். விசாரிச்சிட்டேன்" என்றார்.

பிற்பாடு அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்ச் சேர்ந்தார். நான் நலம் விசாரித்துக் கடிதம் போட்டேன். பதில் எட்டுப் பக்கம் வந்தது, எட்டும் ஒரு டிவி தொடரில் வரும் மாமியாரைப் பற்றி. என் மனைவி, குழந்தை பற்றி ஒரு வரி கிடையாது. என்னால் இன்றுவரை ஒரு படத்தை மற்றவர்களைப் போல நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. கதாநாயகன் உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருப்பான், என் கண் அவன் முதுகுக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருக்கும்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. தாலி கட்டுகிற நேரம். நடுவில் நான், மாலையும் வேர்வையுமாக. எனக்குப் பின்னால், காதர் பாய் தோளோடு தோள் உரச, யாரோ கொடுத்த அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நிற்கிறார். பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தில் மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.